ஒவ்வோர் இரவும் கேட்கும் விலங்கு

பிரெஞ்சு எழுத்தாளர் கேப்ரியேல்-சூசான் த வில்நெவ் 1740இல் ஒரு நெடுங்கதை வெளியிட்டார். நொடித்துப்போன வணிகர் ஒருவர் வழிதவறி, ஆள் நடமாட்டமில்லாத மாளிகையொன்றில் இரவு தங்குகிறார். கிளம்பும்போது மகளுக்காக ஒரு ரோஜாவைப் பறிக்கிறார். அந்தப் பூவுக்கு ஈடாக அவருடைய கடைசி மகள் ஒரு கோர விலங்கின் வீட்டில் போய் வாழ நேர்கிறது. ஒவ்வோர் இரவும் விலங்கு அவளிடம் வந்து, இன்று உன்னோடு படுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். மாட்டேன் என்பாள். அது போய்விடும். மறுநாள் இரவும் வந்து கேட்கும், அன்றும் போய்விடும்.

லண்டனில் வீட்டு ஆசிரியையாக இருந்த ழான்-மரி லெப்ரன்ஸ் த போமோன் 1756இல் இந்தக் கதையைத் தம் மாணவிகளுக்காகச் சுருக்கி எழுதினார். படிப்பவர்கள் இளம்பெண்கள் என்பதால், என்னை மணந்துகொள்வாயா என்று கேள்வியை மாற்றினார். 'அழகியும் விலங்கும்' என்று உலகம் இன்று அறிந்திருப்பது இந்தச் சுருக்கத்தைத்தான். கேள்வியின் சொற்கள் மாறினாலும் அமைப்பு மாறவில்லை. பலமெல்லாம் விலங்கிடம், முடிவு பெண்ணிடம். வேண்டாம் என்ற சொல்லுக்குத் தண்டனை கிடையாது.

கோர உருவம் கொண்ட ஒருவனைக் காதலனாக வைத்து எழுதும் கதைகள் ஏன் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன, ஏன் பெரும்பாலும் பெண்களே அவற்றை எழுதியும் படித்தும் வருகிறார்கள் என்பது பழைய கேள்வி. பெண்களுக்கு ஆபத்தின்மேல் ஒரு ரகசிய ஆசை உண்டு என்பதுதான் எளிதாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கதைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அவற்றில் பெண்ணை ஈர்ப்பது விலங்கின் பல்லோ நகமோ அல்ல. அத்தனை பல்லும் நகமும் இருந்தும் அது கேட்கிறது, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்பதே ஈர்க்கிறது. வில்நெவ் எழுதிய காலத்து பிரான்சில் எந்த மனைவியிடமும் கணவன் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய இந்தியாவிலும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பதினெட்டு வயது நிறைந்த மனைவியின் விஷயத்தில் கணவனுக்கு அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது. கதையிலுள்ள விலங்கு மனிதச் சட்டத்தைவிட ஒருபடி மேலே நிற்கிறது என்பதை வாசகி உணராமல் இருக்க முடியாது.

கதையின் வேர்கள் மிகப் பழையவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள மதௌரஸ் ஊரைச் சேர்ந்த அப்புலேயஸ் லத்தீனில் எழுதிய 'பொற்கழுதை'யின் நடுவே சைக்கியின் கதை வருகிறது. அவளுக்கு வாய்க்கப்போகும் கணவன் கொடிய, சிறகுள்ள, பாம்பு போன்ற ஒரு பிறவி என்று குறி சொல்லப்படுகிறது. கல்யாண ஊர்வலம் சாவு ஊர்வலமாகவே நடக்கிறது. ஊரார் அழுதபடி அவளைப் பாறை உச்சியில் விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கணவன் இருட்டில் மட்டும் வருகிறான், அன்பாக இருக்கிறான், முகத்தைப் பார்க்கக் கூடாது என்கிறான். அக்காமார் பேச்சைக் கேட்டு அவள் விளக்கும் கத்தியுமாகப் போய்ப் பார்த்தால் படுத்திருப்பவன் காதல் தேவன். விளக்கிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவன் தோளில் விழ, அவன் பறந்துபோகிறான். கல்யாணத்தைச் சாவாகக் காட்டிய அந்த ஊர்வலத்தை எழுதியவருக்கு, பெண்ணை முன்பின் அறியாத வீட்டுக்கு அனுப்புவது என்னவென்று தெரிந்திருக்கிறது.

பஞ்சதந்திரத்தில் வரும் பாம்பு மாப்பிள்ளை கதை எனக்கு இதைவிட நெருக்கமானது. அந்தணர் ஒருவரின் மனைவி பாம்பைப் பெற்றெடுத்து, பிள்ளையாகவே வளர்க்கிறாள். வயது வந்ததும் அதற்குப் பெண் கேட்டுத் தரச் சொல்கிறாள். பெண் வீட்டார் வாக்குக் கொடுத்த பிறகே மாப்பிள்ளை யார் என்று தெரியவருகிறது. உடன்வந்தவர்கள் திகைத்துத் தடுக்கிறார்கள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று சொல்லி, பெண் அந்தப் பாம்புக்குப் பணிவிடை செய்கிறாள். ஓர் இரவு அழகான இளைஞன் ஒருவன் அவள் படுக்கைக்கு வருகிறான். யாரோ அந்நியன் என்று அவள் நடுங்கி, கதவைத் திறந்து ஓடப் பார்க்கிறாள். நான்தான் உன் கணவன் என்கிறான் அவன். நம்ப மறுக்கிறாள். அவன் பெட்டியிலிருந்த பாம்பு உடலுக்குள் புகுந்து மீண்டும் வெளியே வந்து காட்டிய பிறகே ஏற்றுக்கொள்கிறாள். விடிந்ததும் மாமனார் அந்தத் தோலை எரித்துவிடுகிறார். அழகன் வந்து நின்றால் பெண் மனம் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பைக் கதை மறுக்கிறது. அவள் அறிந்திருந்தது பாம்பை. அழகனுக்குத் தான் அந்தப் பாம்பு என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் ஸ்ட்ரப்பரோலா 1550களில் அச்சிட்ட தொகுப்பில் பன்றி இளவரசன் வருகிறான். தன்னைக் கொல்லத் திட்டமிட்ட இரண்டு மணப்பெண்களைக் கொன்றுவிட்டு, அழுக்கோடு வந்தவனை ஏற்றுக்கொண்ட மூன்றாமவளிடம் தோலைக் கழற்றுகிறான். நார்வேயில் அது வெள்ளைக் கரடி. கிரிம் சகோதரர்களின் தவளை இளவரசன் முத்தத்தால் மாறவில்லை. இளவரசி எரிச்சலில் அவனைச் சுவரில் வீசி அடித்தபோதுதான் மாறினான். முத்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன் ஆய்வாளர் யான்-அய்விந்த் ஸ்வான் 1955இல் இந்தக் கதைக் குடும்பத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களை ஆராய்ந்தார். 2016இல் சாரா கிராசா த சில்வா, ஜாம்ஷித் தெஹ்ரானி இருவரும் உயிரியலாளர்கள் உயிரினங்களுக்கு வரையும் வம்சமரத்தின் முறையில் மொழிக்குடும்பங்களோடு ஒப்பிட்டு, இந்தக் கதை பல ஆயிரம் ஆண்டுகள் பழமையானதாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த முறைமேல் கேள்விகள் எழலாம். கதை எழுத்துக்கு வெகு முன்பே வாய்மொழியாக வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்வளவு பரவலுக்கு முதல் விளக்கம் கல்யாணம்தான். மரினா வார்னர் 1994இல் எழுதிய பெரிய நூலில், பிரெஞ்சு வரவேற்பறைகளில் கதை சொன்ன பெண்கள் தங்கள்மேல் திணிக்கப்பட்ட திருமணங்களைப் பற்றியே விலங்குகளின் பெயரில் பேசினார்கள் என்று காட்டுகிறார். வில்நெவின் சொந்த வாழ்க்கையும் அதற்குத் துணை நிற்கிறது. கணவர் குடும்பச் சொத்தைக் கரைக்கத் தொடங்கியதும் சொத்துப் பிரிவினை கோரியவர் அவர், இளம் வயதிலேயே விதவையானவர். உளப்பகுப்பாளர் புருனோ பெட்டல்ஹைம் 1976இல் வேறொரு விளக்கம் தந்தார். பெண் தந்தைமீதுள்ள பற்றைக் கணவனுக்கு மாற்றக் கற்கும்வரை உடலுறவு அவளுக்கு விலங்குத்தனமாகத் தோன்றுகிறது, அன்பு வந்ததும் அந்தத் தோற்றம் மறைகிறது என்றார். இந்த விளக்கத்தில் மாற வேண்டியவள் அவள் மட்டுமே. அவனிடம் குறையே இல்லை, அவள் பார்வையில்தான் குறை என்றாகிவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. போமோனின் கதையையே இதற்கு எதிராக வைக்கலாம். அதில் நாயகியின் அக்காள்கள் இருவரும் மனிதர்களைத்தான் மணக்கிறார்கள். ஒருத்தியின் கணவன் பேரழகன், தன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவன். மற்றவளின் கணவன் மகா புத்திசாலி, அந்தப் புத்தியை எல்லோரையும் நோகடிக்கவே பயன்படுத்துபவன். அழகும் அறிவும் இருந்த இரு வீடுகளும் நரகமாக இருந்ததைப் பார்த்துவிட்டே தங்கை விலங்கை எடைபோடுகிறாள். கனிவு எங்கே இருக்கிறது என்று அவள் கணக்குப் பார்க்கிறாள். அது தெளிந்த மனதின் முடிவு.

ஆனாலும் இந்தக் கதை பெண்ணுக்குச் சகிப்பைக் கற்பிக்கும் பாடமாகப் பயன்பட்டதுண்டு என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. அப்படிப் பயன்படாத மரபுகளும் உண்டு. ஜப்பானின் 'குரங்கு மாப்பிள்ளை' கதையில், வயலில் உதவிய குரங்குக்கு உழவர் மகளைத் தருவதாக வாக்களிக்கிறார். இளையவள் போகிறாள். பிறந்தகம் திரும்பும் வழியில், அரிசிப் பலகாரம் நிறைந்த கனத்த உரலைக் குரங்கின் முதுகில் ஏற்றி, ஆற்றோரத்து செர்ரி மரத்தில் பூப்பறித்துத் தரச் சொல்கிறாள். கிளை முறிந்து குரங்கு ஆற்றில் மூழ்குகிறது. அவள் வீடு திரும்புகிறாள். மந்திரமும் இல்லை, இளவரசனும் இல்லை. அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கொடுக்கவில்லை.

மனித முகத்தோடு வரும் கொடியவனையும் கதைமரபு மறந்துவிடவில்லை. பெரோ 1697இல் அச்சிட்ட 'நீலத்தாடி'யில் கணவன் பணக்காரன், விருந்தோம்பத் தெரிந்தவன். மனைவியிடம் வீட்டுச் சாவிகளைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறக்காதே என்கிறான். உள்ளே முந்தைய மனைவியரின் பிணங்கள். நீலத்தாடியும் விலங்கும் ஒரே பயத்தின் இரு முகங்கள். முன்பின் தெரியாதவன் வீட்டில், தப்ப வழியின்றி, அவன் எப்படிப்பட்டவன் என்று அறியாமல் வாழ வேண்டிய பயம் அது. விலங்கின் வீட்டில் அந்தப் பயம் முதல் நாளே கண்ணெதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்குப் பின் நடப்பதெல்லாம் பயம் குறைவதுதான். நீலத்தாடியின் வீட்டில் பயம் பூட்டிய அறைக்குள் வளர்கிறது. கோர உருவத்தின் ஈர்ப்பில் பாதி இந்த நேர்மையால் வருவது என்று நினைக்கிறேன். அவனிடம் மறைந்திருக்கும் இன்னொரு முகம் இருந்தால் அது இதைவிட நல்லதாகத்தான் இருக்க முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமும் கோர உருவத்துக்குப் பேச்சையும் தனிமையையும் கொடுத்தன. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் அந்த விஞ்ஞானி உருவாக்கிய படைப்பு, ஹியூகோவின் கூனன் குவாசிமோதோ (1831), கஸ்தோன் லெரூ 1909இல் தொடராக எழுதத் தொடங்கிய ஒபரா மாளிகை மாயாவி ஆகிய மூவரும் காதலுக்கு ஏங்கி, கிடைக்காமல் அழிபவர்கள். வாசகிகள் அவர்களைக் கைவிடவில்லை. லெரூவின் கதையை வைத்து 1986இல் லண்டனில் மேடையேறிய இசைநாடகத்தைப் பார்த்துவிட்டு, கதாநாயகி மாயாவியையே தேர்ந்திருக்க வேண்டும் என்று வாதாடும் ரசிகைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மாயாவி ஆளைக் கடத்துபவன், கொலை செய்பவன் என்பதை அவர்கள் அறியாதவர்களில்லை.

ரத்தக்காட்டேரியின் பாதை தனி. பாலிடோரி 1819இல் உருவாக்கிய லார்ட் ரூத்வன் பிரபுவேடமிட்ட வேட்டைக்காரன். லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872) ஒரு பெண் இன்னொரு பெண்ணை நாடி வரும் கதை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஒரு பழைய விதியைப் பிரபலமாக்கியது. வீட்டார் யாரேனும் அழைத்தாலொழிய முதல்முறை அவனால் வாசல் தாண்ட முடியாது. மிகக் கொடியவனையும் சம்மதத்துக்குக் கட்டிப்போடும் இந்த விதியைத்தான் பிற்காலக் காதல் நாவல்கள் பற்றிக்கொண்டன. ஆன் ரைஸ் 1976இல் காட்டேரியைத் தன் வரலாறு சொல்லும் துயர நாயகனாக்கினார். ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' (2005) வரிசை பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதன் நாயகன் எட்வர்டின் முழுக் கவர்ச்சியும் அவன் தன்னை அடக்கிக்கொள்வதில் இருக்கிறது. ஆனால் அவன், நாயகி தூங்குவதை அவளுக்குத் தெரியாமல் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனும்கூட. கேட்பவனும் கேட்காமல் நுழைபவனும் அவனுக்குள் ஒன்றாக இருக்கிறார்கள். இந்த வகைக் கதைகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

காதல் நாவல் வாசகிகளை முதலில் நேரில் போய்க் கேட்டவர்களில் ஜானிஸ் ராட்வே முக்கியமானவர். அமெரிக்கச் சிறுநகரொன்றின் வாசகிகளிடம் பேசி 1984இல் அவர் எழுதிய நூலில், அந்தப் பெண்கள் நாயகனின் கடுமையை மறைந்த அன்பின் அடையாளமாகப் படிக்கக் கற்றிருந்ததைக் காட்டுகிறார். கடுகடுப்பான கணவர்களோடு வாழ்வதைத் தாங்கிக்கொள்ள அந்த வாசிப்பு உதவியது, அதனாலேயே அது அவர்களை அந்த வாழ்வில் இருத்தியும் வைத்தது என்பது அவர் கவலை. உண்மையான வன்முறை தெரியும் நாவல்களை அதே பெண்கள் வெறுத்து ஒதுக்கியதையும் ராட்வே பதிவு செய்கிறார். இந்தப் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. ஜெயின் ஆன் கிரென்ட்ஸ் 1992இல் தொகுத்த நூலில் காதல் நாவலாசிரியைகளே பதில் சொன்னார்கள். இந்தக் கதைகளில் நாயகனே வில்லனும்தான், நாயகி அவனோடு மோதி வெல்கிறாள், அவன் மண்டியிடும் இடமே வாசகியின் இன்பம் என்றார்கள்.

இரண்டு தரப்பும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகின்றன. உடலால் கோரமானவன் வேறு, நடத்தையால் கோரமானவன் வேறு. முன்னவனின் கதையில் பெண் தன் பயத்தைச் சோதித்துப் பார்த்து, அது ஆதாரமற்றது என்று கண்டுகொள்கிறாள். பின்னவனின் கதையில் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, அதை அன்பு என்று படிக்கப் பழக்கப்படுகிறாள். 'ட்வைலைட்' ரசிகப் புனைவாகத் தொடங்கி 2011இல் நூலான 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே'யில் காட்டேரியின் கோரைப்பற்கள் போய்விட்டன. கண்காணிப்பும் கட்டுப்பாடும் பெரும் பணமும் மிஞ்சின. தமிழ் இணையத் தொடர்கதைகளில் 'ஆன்டி ஹீரோ' என்ற அடையாளத்தோடு வரும் நாயகர்கள் பலர் இந்த இரண்டாம் வகை. கட்டாயத் தாலி கட்டுகிறான், அறைகிறான், கடைசி அத்தியாயத்தில் அழுகிறான். அவற்றைப் படிக்கும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ராட்வே செய்ததுபோல் உட்கார்ந்து அவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் அந்த நாயகனுக்குக் கொம்போ செதிலோ இருந்திருந்தால், அவன் எதை மீறுகிறான் என்பதாவது எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

உடலால் கோரமானவனிடம் பெண்ணுக்குள்ள ஈர்ப்பைப் பற்றி நான் படித்தவற்றில் கூர்மையானது திரை ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ் 1984இல் எழுதிய கட்டுரை. திகில் படத்தில் பெண் கோர உருவத்தைப் பார்க்கும் கணத்தில் பயம் மட்டும் இல்லை, ஓர் அடையாளங்காணலும் இருக்கிறது என்கிறார். ஆணின் பார்வைக்கு முன் இருவருமே இயல்பு பிறழ்ந்தவர்கள், வேடிக்கைப் பொருட்கள். கியெர்மோ தெல் தோரோ 2017இல் எடுத்த 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' இந்தக் கருத்துக்கு உடல் கொடுத்தது போன்ற படம். 1954இல் வந்த 'கிரீச்சர் ஃபிரம் தி பிளாக் லகூன்' படத்தைச் சிறுவயதில் பார்த்தபோது, நீர்மேல் நீந்தும் பெண்ணும் கீழே அவளைத் தொடரும் நீர்ப்பிறவியும் சேர்ந்துவிட வேண்டும் என்று ஏங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய படத்தில், 1962இன் பால்டிமோரில், அரசு ஆய்வுக்கூடத்தைத் துடைத்துக் கூட்டும் வாய்பேச முடியாத எலிசா அங்கே சங்கிலியில் கிடக்கும் நீர்ப்பிறவியை நேசிக்கிறாள். அவளுக்குத் துணை நிற்பவர்கள் ஒரு கறுப்பினப் பெண்ணும், தன்பாலீர்ப்பை மறைத்து வாழும் முதிய ஓவியரும். எதிரில் நிற்பவன் நல்ல வேலை, மனைவி, மக்கள், புதுக் கார் எல்லாம் உள்ள அதிகாரி. தன்னிடம் என்ன குறை என்று பார்க்கத் தெரியாத ஒரே ஆள் அந்த நீர்ப்பிறவி என்பதே எலிசாவின் காரணம். சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் அதற்குக் கிடைத்தன.

அந்தப் படத்துக்கு 35 ஆண்டுகள் முன்பே, ரேச்சல் இங்கல்ஸ் 1982இல் 'மிஸஸ் கலிபன்' என்ற சிறு நாவலை எழுதிவிட்டார். இந்த வகையில் ஒரே ஒரு நூலைப் படிக்கச் சொன்னால் இதையே சொல்வேன். டாரத்தி கலிஃபோர்னியப் புறநகர் ஒன்றின் இல்லத்தரசி. மகனை அறுவைச் சிகிச்சையில் பறிகொடுத்தவள், அடுத்த கருவும் கலைந்தவள். கணவனுக்கு வெளியே உறவு இருப்பது தெரியும். பேசிக்கொள்ள இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆய்வு நிறுவனத்திலிருந்து தப்பிய ஆபத்தான பிராணி பற்றி வானொலி எச்சரிக்கிறது. ஒருநாள் அவள் சமையலில் இருக்கும்போது, ஆறரை அடிக்குமேல் உயரமான பச்சை நிறத் தவளை மனிதன் சமையலறைக்குள் வந்து நிற்கிறான். உதவி கேட்கிறான். அவள் சாப்பிடக் கொடுக்கிறாள். அவாகடோ பழம் என்றால் அவனுக்கு உயிர். அவன் அவள் பேச்சைக் கேட்கிறான், கேள்வி கேட்கிறான், வீட்டுவேலைகளில் ஆர்வம் காட்டுகிறான். அதே வீட்டில் ஒரு வேற்றுப்பிறவி வாழ்வதைக் கணவன் கவனிப்பதே இல்லை. அவன் அந்த வீட்டை அவ்வளவுதான் பார்க்கிறான். லாரி என்ற அந்தத் தவளை மனிதனை இங்கல்ஸ் குற்றமற்றவனாகக் காட்டவில்லை. தன்னைச் சித்திரவதை செய்த காவலர்களை அவன் கொன்றிருக்கிறான். அதை டாரத்தி அறிந்தே அவனை வைத்திருக்கிறாள். 1986இல் ஒரு பிரிட்டிஷ் புத்தக அமைப்பு, உலகப்போருக்குப் பிந்தைய இருபது சிறந்த அமெரிக்க நாவல்களில் ஒன்றாகச் சொல்லும்வரை இது பலர் கண்ணில் படவேயில்லை.

நம் பக்கத்தில் இதே வெற்றிடத்தை நிரப்ப வந்தவர்கள் பேயும் நாகமும். விஜய்தான் தேத்தா ராஜஸ்தானியில் எழுதிய 'துவிதா'வில், கல்யாணமான கையோடு வணிகன் மகன் ஐந்தாண்டு வியாபாரத்துக்காகக் கிளம்பிவிடுகிறான். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய வழியில் மணப்பெண்ணைப் பார்த்து மயங்கியிருந்த பேய் ஒன்று அவன் உருவில் வீட்டுக்கு வருகிறது. மாமனாரையும் ஊரையும் ஏமாற்றுகிறது. அவளை மட்டும் ஏமாற்ற மனமில்லாமல் தான் யார் என்று சொல்லி, முடிவை அவளிடம் விடுகிறது. தாலி கட்டியவன் கணக்குப் புத்தகத்தோடு போனான், போக வேண்டுமா என்று அவளைக் கேட்கவில்லை. பேய் கேட்டது. அவள் பேயைத் தேர்கிறாள். மணி கௌல் 1973இல் இதைப் படமாக்கினார், 2005இல் 'பஹேலி'யாகவும் வந்தது. ஆட்டிடையன் ஒருவன் பேயைத் தோல்பைக்குள் அடைத்ததும் கணவனிடமே அவள் மிஞ்சுகிறாள் என்பது மூலக்கதை. பேயைக் கணவன் உடலுக்குள் புகுத்தி மகிழ்ச்சியாக முடித்தது 'பஹேலி'. தேத்தாவின் முடிவில்தான் கேட்கப்படுதலின் மதிப்பும், அதை இழப்பதன் வலியும் முழுதாகத் தெரிகின்றன.

கிரீஷ் கர்னாட் 1980களின் இறுதியில் எழுதிய 'நாகமண்டலா' இதைவிடச் சிக்கலானது. கதை ஏ.கே. ராமானுஜன் சேகரித்துச் சொன்ன கன்னட வாய்மொழிக் கதைகளிலிருந்து வந்தது. புதுமனைவி ராணியைப் பூட்டி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறான் கணவன் அப்பண்ணா. பார்வையற்ற மூதாட்டி கொடுத்த வசிய வேரைக் குழம்பில் கலந்த ராணி, குழம்பு ரத்தச் சிவப்பாவதைக் கண்டு பயந்து புற்றில் ஊற்றிவிடுகிறாள். அதைக் குடித்த நாகம் அப்பண்ணாவின் உருவில் இரவில் வருகிறது. பகலில் அடிப்பவனும் இரவில் கொஞ்சுபவனும் ஒரே ஆள் என்றே அவள் நம்ப வேண்டியிருக்கிறது, அல்லது நம்புவதாக இருக்க வேண்டியிருக்கிறது. கர்ப்பமானதும் பஞ்சாயத்து. புற்றில் கைவிட்டு நாகத்தைப் பிடித்து, கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறு யாரையும் தொட்டதில்லை என்று உண்மையையே சத்தியமாகச் சொல்கிறாள். ஊர் அவளை அம்மனாக்குகிறது. இந்த நாகம் தேத்தாவின் பேயைப்போல் கேட்கவில்லை, மறைத்தது. அதனாலேயே அவன் அன்பு எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. ஆனால் பல பெண்கள் தங்கள் கணவரிடம் கண்ட இரண்டு மனிதர்களைப் பற்றிப் பேச இதைவிடத் துல்லியமான வடிவம் கிடைப்பது அரிது.

இந்தக் கதைகளின் பலவீனமான இடம் பெரும்பாலும் முடிவுதான். விலங்கு இளவரசனாகிறது. வில்நெவ் அதை மணஇரவுக்கு மறுநாள் காலைக்குத் தள்ளிவைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய நாயகி விலங்கோடு படுத்து உறங்கி எழுந்த பின்பே இளவரசனைப் பார்க்கிறாள். பின்வந்தவர்கள் அந்தத் துணிவைக் கைவிட்டார்கள். 1946இல் படமெடுத்த ழான் கொக்தோ, விலங்கை மனிதர்களைவிட மேலானவனாகக் காட்டி, மாற்றமே அழகிக்கு அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். அவர் படத்தில் இளவரசனுக்கும், அவள் முன்பு நிராகரித்த உள்ளூர்க்காரனுக்கும் ஒரே முகம். ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் எழுதிய 'புலியின் மணமகள்' இன்னும் முன்னே போனது. புலி நக்கநக்கப் பெண்ணின் மனிதத் தோல் உரிந்து உள்ளிருந்து விலங்கு ரோமம் வெளிப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் ஆட்சேபமும் இங்கே பொருந்துகிறது. முகமோ உடலோ வேறுபட்டவன் அன்புக்குத் தகுதி பெற்றதும் குணமாகிவிடுகிறான் என்றால், குணமாகாதவர்களுக்குக் கதை என்ன சொல்கிறது?

சுயவெளியீட்டு நாவல்கள் இந்த மாற்றத்தையே விட்டுவிட்டன. ரூபி டிக்சனின் 'ஐஸ் பிளானட் பார்பேரியன்ஸ்' 2015இல் வந்து, 2021இல் டிக்டாக் வாசகிகளால் பரவி, பெரிய பதிப்பகத்துக்குப் போனது. நீலத்தோலும் கொம்பும் கொண்ட நாயகர்கள் கடைசிவரை அப்படியேதான் இருக்கிறார்கள். அதே 2021இல் சி.எம். நஸ்கோஸ்டா எழுதிய நாவலில் கல்விக் கடன் சுமக்கும் பெண் ஒரு மினோட்டோரைக் காதலிக்கிறாள். எருதுத்தலை கொண்ட அவன்தான் அவள் பழகியவர்களில் நிதானமான, மரியாதை தெரிந்த ஆண். இத்தகைய நாவல்களை வெறும் காமம் என்று ஒதுக்குபவர்கள், அவற்றில் வேலைப் பாதுகாப்பும் பராமரிப்பும் எவ்வளவு பக்கங்களைப் பிடிக்கின்றன என்று பார்ப்பதில்லை. என் தயக்கம் வேறு இடத்தில். விதியே இணையைத் தேர்ந்துவிடும் என்ற உத்தி இவற்றில் பரவலானது. டிக்சனின் கோளில் உடலுக்குள் வாழும் ஓர் ஒட்டுயிர் யாருக்கு யார் என்று தீர்மானிக்கிறது. அவன் இன்னொருத்தியைப் பார்க்கவே மாட்டான் என்ற உத்தரவாதம் இதனால் கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் இடம் அதே அளவுக்குச் சுருங்குகிறது. 'காட்டுமிராண்டி' என்று பெயரிட்டு வேற்றினத்தானை ஆசைப்பொருளாக்குவதில், 1933இன் 'கிங் காங்' காலத்து இனக் கற்பனையின் மிச்சம் ஒட்டியிருக்கிறது என்ற விமர்சனமும் நியாயமானது.

கோர உருவம் பெண்ணுடையதானால் கதை மாறிவிடுகிறது. ஃபிராங்கன்ஸ்டைன் தன் படைப்புக்குத் துணையாகப் பெண்ணொருத்தியைச் செய்யத் தொடங்கி, பாதியில் கிழித்தெறிகிறான். அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று, தான் பிறக்குமுன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை அவள் ஏற்க மறுக்கலாம் என்பது. மறுக்கும் உரிமையுள்ள கோரப் பெண்ணை அவனால் கற்பனை செய்ய முடிந்தது, விட்டுவைக்க முடியவில்லை. இடும்பி அழகுருவம் எடுத்த பிறகே பீமனிடம் வருகிறாள், பிள்ளை பிறந்ததும் காட்டிலேயே விடப்படுகிறாள். கம்பனின் சூர்ப்பணகையும் எழில் வடிவோடுதான் வந்து நிற்கிறாள், தன் ஆசையை வாய்விட்டுக் கேட்கிறாள். ஆணான விலங்கு கேட்டால் அது பொறுமை என்று பாராட்டப்படுகிறது. அரக்கி கேட்டதற்கு மூக்கு போனது. காரைக்காலம்மையார் ஒருவர்தான் விலக்கு. கணவனுக்காகச் சுமந்த அழகை உதறி, பேயுருவை அவர் வரமாகவே கேட்டு வாங்கினார், ஆனால் அது காதலிலிருந்து விடுபட்டுப் போகும் வழி.

தெலுங்கில் வோல்கா எழுதிய 'சமாகமம்' கதையில், காட்டில் வாழும் சீதை சூர்ப்பணகையைச் சந்திக்கிறாள். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'விமுக்த' தொகுப்பிலுள்ள கதை அது. மூக்கறுபட்ட பின் உலகின்மேல் வெறிகொண்டு திரிந்த நாட்களையும், செடிகொடிகளை வளர்த்துத் தன் கைகளை மீண்டும் நேசிக்கக் கற்றதையும் சூர்ப்பணகை சொல்கிறாள். பிறகு சுதீரன் என்பவனை, தன் வாழ்வில் வந்த துணை என்று சீதைக்கு அறிமுகப்படுத்துகிறாள். வெட்டுண்ட முகம் வெட்டுண்டபடியே இருக்கிறது. அவனுக்கும் அவளுக்கும் நடுவே அது எப்படித் தொடங்கியது, யார் முதலில் கேட்டார்கள், அவள் எத்தனை முறை மறுத்திருப்பாள் என்பதையெல்லாம் விரித்து எழுத ஒரு முழு நாவலுக்கு இடமிருக்கிறது. வாராவாரம் நாயகனின் கோபத்துக்கு ஒதுக்கும் பக்கங்களைத் தமிழ்த் தொடர்கதைகள் அப்படியொருத்திக்குத் தருமானால் முதல் ஆளாகப் படிப்பேன்.